குளத்துக் குழியில் ஒன்பது

மார்ச் 3, செவ்வாய்

அறுபது தாண்டியவர்களின் கோல்ஃப் அணியில் ஒரே ஓர் இடம் காலி. ஞாயிறன்று நானும் என் மனைவியின் தம்பி ஊமைக்கோட்டானும் மோதுகிறோம். பதினெட்டுக் குழியையும் குறைந்த அடியில் முடிப்பவனுக்கு இடம். அணிச் சட்டையை இன்றே தைக்கக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

மைதானமா இது? டிக்கெட் வாங்கினால் எவனும் ஆடலாமாம். முழுசாகத் திரும்புவதுதான் பாடு. பெரிய பெரிய சூரர்களை அழவைக்கவென்றே வெட்டிய மணல் பள்ளங்கள். நான் இறங்கியதில் யானையே மறையும். ஏழாவது குழிக்கு முன்னால் குளம் — கடல் என்றே வைத்துக்கொள்ளலாம். ஒரே அடியில் தாண்டினேன். காற்று ஒத்துழைத்திருந்தால் தாண்டியிருப்பேன்.

மார்ச் 8, ஞாயிறு

இந்த ஆட்டத்தில் ஒருவன் அடிகளை மற்றவன் அட்டையில் எழுத வேண்டும். ஆட்டம் முடிந்ததும் ஆடியவனே சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். என் அட்டை அவனிடம். பாம்பிடம் முட்டை.

வழியெல்லாம் பேச்சில்லை. நான் மட்டையை ஓங்கினால் மட்டும் இருமல்.

"தொண்டைல என்னடா, தவளையா?"

"குளத்துப் பக்கம் நிக்கிறோம்ல, மாமா."

குளத்துக்குள் என் பந்து மூன்று. அந்தக் குழிக்கு மொத்தம் ஒன்பது அடி. முடிவில் அட்டையைப் பார்க்கிறேன் — ஏழாவதில் ஆறு! எண்ணக்கூடத் தெரியாத ஜென்மம். கூட்டினால் அவனைவிட எனக்கு ஓரடி குறைவு. வாயே திறக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

அட்டை அணி மேனேஜர் கைக்குப் போனதும் வாய் திறந்தான் கோட்டான். "சார், ஏழாவதுல தப்பா எழுதிட்டேன். அது ஒன்பது."

மேனேஜர் என்னைப் பார்த்தார். "குறைச்சு எழுதினதுக்குக் கையெழுத்துப் போட்டா ஆளே அவுட். விதி தெரியாதா சார்?"

எனக்கா தெரியாது! — தெரியாது.

மார்ச் 9, திங்கள்

படுபாவி. வேணும்னேதான் பண்ணிருக்கான். இவ என்னடான்னா, "அவன் தப்பா எழுதினா நீங்க ஏன் சரின்னீங்க?"ங்கறா. தம்பியாச்சே!

மார்ச் 14, சனி

சட்டை வந்தது. பீரோவில் போட்டேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

அணியில் ஒருவருக்கு முட்டி போயிற்று. நூற்றுப்பத்து அடிக்குள் முடித்தால் இடம் எனக்கு என்றார் மேனேஜர். என் அட்டை எழுத வந்தவன்? அதே கோட்டான்.

அவன் அட்டை என்னிடம். விடுவேனா? ஏழாவதில் அவன் அடித்தது ஏழு. ஐந்து என்று போட்டேன். அவன் பார்த்தான், ஐந்தை அடித்துவிட்டு ஏழு என்று எழுதினான், அப்புறம்தான் கையெழுத்து.

என் அட்டையை நீட்டினான். மொத்தம் நூற்றுப்பத்து. ஏழாவதில் எட்டு.

நான் அடித்தது ஒன்பது.

பொறியா? தப்பாக எண்ணினானா? இல்லை... இரக்கமா? அதுதான் எல்லாவற்றையும்விடக் கேவலம். அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒன்பதுடா. எழுது."

"மாமா, இடம் போயிடும்."

"எழுதுடா!"

எழுதினான். அவன் முகம் சுருங்கியது. எனக்கு அது போதும்.

சட்டை பீரோவிலேயே கிடக்கட்டும். அந்த ஒன்பதும் லேசுப்பட்ட ஒன்பது இல்லை. எதிரில் அடித்தது புயல்.