கையெழுத்துக்கு மேலே எழுதியது

24.1.2023
மலை ஊராட்சியில் செயலாளராகி ஆறு வருடம் ஆகிறது. வாரத்தில் ஒரு நாள்தான் வீட்டுக்குப் போகிறேன். போனில் மனைவி கமலா, "உங்க மூஞ்சியே மறந்துடும் போலக்கீது" என்றாள். சொந்த ஊரான களமருதூருக்கு மாற்றல் கேட்டு மூன்றாவது மனுவும் அனுப்பியாயிற்று.

26.1.2023
கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். பிறகு கிராம சபை. வழக்கம்போல, தீர்மான நோட்டின் வெற்றுப் பக்கத்தில் முதலிலேயே கையெழுத்தும் கைநாட்டும் வாங்கிக்கொண்டேன். பேசியதை அப்புறம் அறைக்கு வந்து மேலே எழுதிக்கொள்வேன். நான் வந்த நாள் முதல் இப்படித்தான்.

பதினான்கு குடும்பங்கள் நில உரிமை கேட்டு மனுக் கொடுத்தன. ரங்கம்மாள் எழுந்து, "எம் மாமனார் காலத்துலேருந்து சாமை போடற காடுங்க. காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் ஒட்டிக்கினு போறாங்க" என்றார். சபை மொத்தமும் ஆதரவாகக் கை தூக்கியது.

கள்ளக்குறிச்சிப் பயிற்சியில் கேட்டதை அவரிடம் சொன்னேன். வன உரிமைச் சட்டம் நாடாளுமன்றம் போட்டது. மாநிலச் சட்டம் அதோடு மோதினால் மத்தியச் சட்டமே நிற்கும். அரசியல் சட்டம் அப்படிச் சொல்கிறது. மனு விசாரணை முடியும்வரை யாரையும் நிலத்தை விட்டு எழுப்பக் கூடாது.

"டில்லி சட்டம் இந்த மலை வரைக்கும் வருமா தம்பி?"

வரும் என்றேன்.

28.1.2023
வன அதிகாரி ஒருவர் அறைக்கே வந்தார். "தீர்மானம் எழுதிட்டீங்களா?" இன்னும் இல்லை என்றேன். "நல்லதாப் போச்சு. மாநில சட்டப்படி நோட்டீஸ் குடுத்து எல்லாம் ரெடி. உங்க தீர்மானம் மேல போச்சுன்னா மத்திய சட்டம் குறுக்க வந்து நின்னுக்கும். யாரும் மனு குடுக்கலன்னு எழுதிடுங்க. களமருதூர் விஷயம் நான் பேசறேன்."

என் மனு இவருக்கு எப்படித் தெரியும்?

29.1.2023
எழுதிவிட்டேன்.

2.2.2023
"உரிமை கோரி எவரும் மனு அளிக்கவில்லை." கீழே அறுபத்து மூன்று பேரின் கையெழுத்து. நான் எழுதாவிட்டால் வேறு எவனாவது எழுதியிருப்பான் — இப்படிச் சொல்லிக்கொண்டுதான் சாப்பிடுகிறேன். மனுக்கள் பதினான்கும் என் டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன.

11.4.2023
மாற்றல் உத்தரவு வந்தது. அடுத்த மாதம் கிளம்ப வேண்டும். கமலா அழுதேவிட்டாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

19.4.2023
வனத்துறை ஆட்கள் ரங்கம்மாளின் மரவள்ளியைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். குடிசையைக் காலி செய்ய மூன்று நாள் கெடு. "எங்க சபை எழுதிக்கீது" என்று அவர் மறித்தாராம். தீர்மானத்தின் நகலை நீட்டியிருக்கிறார்கள். வாத்தியார் கண்ணாயிரம் படித்துச் சொல்லியிருக்கிறார்.

ரங்கம்மாள் நேராக என்னிடம்தான் வந்தார். "எங்க தம்பி அப்பிடி எழுதாதுன்னு சொல்லிட்டேன். மேல எவனோ மாத்திட்டான். நீங்க ஒரு வார்த்த வந்து சொல்லுங்க."

தலையை ஆட்டினேன். அவர் நம்பிப் போனார். ச்சீ. இன்னாடா மனுசன் நீ? உனக்காகச் சண்டை போட்டுட்டு வருது அந்தம்மா, நீ தலைய ஆட்டினு நிக்கிற!

20.4.2023
முதல் பஸ்ஸில் கள்ளக்குறிச்சி. பதினான்கு மனுக்களையும், நடந்ததை எழுதிய கடிதத்தையும் வருவாய்க் கோட்ட அதிகாரியிடம் கொடுத்தேன். அந்த அம்மா இரண்டு தடவை படித்தார்.

"நீங்களே எழுதினதா?"

"ஆமாங்க."

"மனு நிலுவையில இருக்கறப்ப இவங்கள எழுப்ப முடியாது. மாநில சட்டத்து நோட்டீஸ் இதுக்கு முன்னாடி நிக்காது." போனை எடுத்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "இத தெரிஞ்சுக்கினேவா எழுதினீங்க?" என்றார்.

22.4.2023
குடிசைக்கு யாரும் வரவில்லை. ரங்கம்மாளிடம் நானே போய்ச் சொன்னேன். சாமை புடைத்துக்கொண்டிருந்தார். முறம் நிற்கவே இல்லை. "எதுக்குத் தம்பி?" என்றார். மாற்றலுக்காக என்றேன்.

"எங்களாண்ட சொல்லியிருந்தா, உங்கள ஊருக்கு அனுப்பணும்னு சபையில நாங்களே கை தூக்கியிருப்போமே."

திட்டியிருக்கலாம். அடித்திருந்தாலும் தாங்கியிருப்பேன்.

3.5.2023
சஸ்பெண்ட் உத்தரவு. மாற்றலும் ரத்து. வீட்டுக்கு வந்துவிட்டேன். எல்லாவற்றையும் கேட்ட கமலா, "அந்தக் காசுல நான் நக கேட்டனா, பொடவ கேட்டனா? எம்மேல பழி போட்டுத்தான் எழுதினீங்களா?" என்றாள். காசே வாங்கவில்லை என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

15.8.2023
மலையில் கிராம சபை; போகக் கூடாது என்று நினைத்தும் போனேன். கடைசி வரிசையில் நின்றேன். புதுச் செயலாளர் ராஜாம்பாள் நோட்டை விரித்து, கையெழுத்துப் போட வரச் சொன்னார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

ரங்கம்மாள்தான் பேசினார். "மொதல்ல எழுதுங்கம்மா. வாத்தியாரு படிச்சுக் காட்டட்டும். அப்பால கை வெக்கிறோம்."

"இது இன்னா புதுப் பழக்கம்?" என்று ராஜாம்பாள் கேட்டார்.

ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. எழுதி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அத்தனை பேரும் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள்.