வாணிக்கு அடையாள அட்டை இல்லை

செவ்வாய், இரவு.

அம்மா அரசாங்க அதிகாரியிடம் பொய் சொன்னவர். பன்னிரண்டு வருடங்களுக்கு முன், யாரோ கொடுத்துவிட்டுப் போன கைக்குழந்தையைத் தான் பெற்றதாகப் பதிந்துவிட்டார். முறையாகத் தத்தெடுக்கலாம் என்று இந்த ஜெலுத்தோங் பிளாட்டில் அவருக்கு யார் சொன்னார்கள்?

பன்னிரண்டு வயதானால் கட்டாயம் என்பதால், இன்று வாணிக்கு அடையாள அட்டை எடுக்கப் போனோம். ஐம்பது வயதிலா பெற்றீர்கள் என்று பதிவு இலாகாவில் கேட்டதும் அம்மா அழுதுகொண்டே உண்மையைச் சொல்லிவிட்டார். அதிகாரி பிறப்புப் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டார். பொய்த் தகவலுக்குச் சிறை உண்டாம். பெற்றவள் யாரென்று தெரியாவிட்டால் வாணியின் குடியுரிமையும் போய்விடுமாம். அந்தப் பொய்யைச் சொன்னபோது அவளுக்குப் பதினொரு நாள் வயது.

அம்மா சாப்பிடாமல் படுத்துவிட்டார். வாணி என் அறைக்கு வந்தாள்.

“அண்ணே, அம்மா வயித்துல நான் இருந்தத கண்ணால பாத்தேன்னு நாளைக்கு அந்த ஆபிசர்கிட்ட சொல்லுங்கண்ணே. சொல்வீங்கதானே?”