முகாம் காணியில் வாடகை வீடு

2009 ஜூலை 6, திங்கள்
கச்சான் காற்று. பிரதேச சபைக் கந்தோரில் ஜன்னல் திறக்க வழியில்லை. மேசை முழுக்க மணல்.

நாள் முழுக்க டைப் வேலை. சபைக் கூட்டத்துக்கான வாடகை வீட்டுத் திட்டம். பழைய சுனாமி முகாம் இருந்த காணி சபையுடையது. அதில் சபையே மாடி வீடுகள் கட்டும். கொஞ்சம் சபைக் கடைகளின் வருமானம், மீதி வங்கிக் கடன். காணி இல்லாத குடும்பங்களுக்கு, அவரவர் உழைப்புக்கு ஏற்ற வாடகை.

சுனாமிக்குப் பிறகு வீடு கிடைத்ததெல்லாம் காணி உறுதி வைத்திருந்தவர்களுக்கு. வாடகைக்கு இருந்த எங்களை யாரும் கேட்கவில்லை. முகாம் கலைந்ததிலிருந்து இன்றுவரை உம்மாவின் தங்கை சாச்சி வீட்டுப் பின்னறையில் உம்மா, மகள் சுமையா, நான்.

ஹாஜியார் எதிர்ப்பாராம். சபை உறுப்பினர். என் பழைய வீட்டுக்காரர். எதிர்க்கட்டும்.

ஜூலை 8, புதன்
சுமையாவின் சப்பாத்து வாய் பிளந்துவிட்டது. சந்தையில் கீரி மீன் மலிவு.

ஹாஜியார் சபைத் தலைவரான தவிசாளரிடம் வந்திருந்தார். கதவு திறந்தே கிடந்தது.

"சபை எண்டா றோட்டுப் போடணும், குப்பை அள்ளணும். வீட்டு யாவாரம் என்னத்துக்கு? வாடகை வராட்டி மறுகா ஆர் கடன் கட்டுற?"

கேள்வி நியாயம்தான். கேட்ட ஆள்தான் நியாயமில்லை.

போகும்போது என் மேசையடியில் நின்றார். "என்ன புள்ள, நம்மட ஊர்தானே நீங்க?"

நான்கு வருடத்தில் மறந்துவிட்டார். அதுதான் பொறுக்கவில்லை.

ஜூலை 9, வியாழன்
ஒருமுறை எழுதிவிடுகிறேன். இவரை, சுமையாவின் வாப்பாவை, கடல் கொண்டுபோனது. வாடகை வீடு றோட்டுக்கு மேற்கே, தண்ணீர் வாசலோடு நின்றது. அங்கேதான் இத்தா இருந்தேன், கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் திரைக்குள் இருக்கும் கடமை. நிவாரண நிறுவனங்கள் ஊரில் வீடு தேடி அலைந்த நேரம். திரைக்கு வெளியே நின்று ஹாஜியார் சொன்னார்: "வெள்ளக்காரன் ரெண்டு மடங்கு தாறான். நாளைக்கு வீட்ட உட்டு ஒழும்பிருங்க."

"இத்தா முடியட்டும் ஹாஜியார்," என்று உம்மா அழுதா.

"இத்தாவ முகாமிலயும் இருக்கலாம்."

அந்நிய ஆண் பார்க்கக்கூடாத நாட்களில் நடுறோட்டில் நின்றேன். சட்டி, பானை, இடுப்பில் சுமையா.

இப்போது வெள்ளைக்காரர் போய்விட்டார்கள். யுத்தமும் முடிந்தது. அவருடைய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. வாடகையைக் குறைக்க மட்டும் மனமில்லை.

ஜூலை 12, ஞாயிறு
கூட்டத்தில் சரிபாதி வாக்கு நமக்கு, சரிபாதி ஹாஜியாருக்கு என்கிறார் தவிசாளர். நடுவில் ஆடுவது இன்னோர் உறுப்பினர், மாஸ்டர் மட்டும். அவரும் ஹாஜியாரின் கூட்டாளி.

மாஸ்டர் இல்லாத நேரம் பார்த்து அவர் வீட்டுக்குப் போனேன். மனைவி ஜெஸீமா ராத்தா மட்டும். அது அவவின் சீதன வீடு; எங்கள் ஊரில் வீடில்லாமல் பெண்ணுக்குக் கலியாணம் இல்லை. இத்தா விஷயத்தைச் சொன்னேன். வெட்டிக்கொண்டிருந்த வெங்காயத்தை வைத்துவிட்டா.

"மெய்யா ஹாஜியார் அப்படிச் சொன்ன?"

"உம்மாவக் கேளுங்க."

சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தா. பிறகு: "இது என்ட வீடுகா. இதுக்குள்ள இருந்துக்கிட்டு அவர் எந்தப் பக்கம் கை தூக்குறார் எண்டு பாக்கிறன்."

திரும்பும்போது யோசனை. வீடில்லாதவர்களுக்காகவா, ஹாஜியாரை விழுத்தவா? இரண்டும். விழுத்துவதுதான் கூடுதல். அல்லாஹ் அறிவான்.

ஜூலை 15, புதன்
கூட்டம். அறிக்கை எழுதுவது நான்.

ஹாஜியார் எழும்பினார். "வாடகை வீட்டுப் புள்ளய ஆர் கலியாணம் முடிப்பான்?" சிலர் சிரித்தார்கள்.

மாஸ்டர் நிலத்தைப் பார்த்தபடி, "வீடே இல்லாத புள்ளய ஆர் முடிப்பான் ஹாஜியார்?" என்றார். கை தூக்கினார், நம் பக்கம்.

ஒரு வாக்கால் நிறைவேறியது. ஹாஜியாரின் பேச்சைத் திருத்தாமல் அப்படியே அறிக்கையில் போட்டேன். வாசிக்கிறவர்கள் வாசிக்கட்டும்.

உம்மா பாற்சோறு ஆக்கினா.

ஜூலை 17, வெள்ளி
ஜும்ஆ முடிந்து ஹாஜியார் சாச்சி வீட்டு வாசல் கடப்படிக்கு வந்தார்.

"நீதானாம் மாஸ்டர்ர வீட்ட போன. உனக்கு நான் என்ன செஞ்ச?"

சொன்னேன். திரை, இத்தா, வெள்ளைக்காரன், முழுவதும். தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள். குரலைத் தாழ்த்தவில்லை.

ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் திருப்பிப் போட்டார். "அந்த நேரம் ஆருக்குத்தான் புத்தி நேரா இருந்த... அந்த வீடு சும்மாதான் கிடக்கு. வாங்க, குறைச்சித் தாறன்."

"வேணாம்."

உள்ளே வந்து கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன். சந்தோஷம் என்றுதான் நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 10, திங்கள்
முகாம் காணியில் அடிக்கல். அனல் வெயில். காரைதீவிலிருந்து வரும் சபை ஓவர்சியர் கயிறு கட்டிக் காட்டினார்: இங்கே படி, இங்கே குழாய்க்கிணறு. வீடுகள் குலுக்கல் முறையில்தானாம். நானும் கேட்டிருக்கிறேன். விழுமோ தெரியாது. ஹாஜியார் தன் வீடுகளுக்கு வாடகை குறைத்துவிட்டாராம். முகாமில் எங்களோடு இருந்த இரண்டு குடும்பங்கள் அங்கே குடிபோய்விட்டன. போகட்டும், நல்லது.

ஹாஜியார் பிந்தி வந்தார். நிழலுக்குப் போட்ட கொட்டிலுக்குள் உட்காரக் கதிரை ஒன்றும் மிச்சமில்லை. முன் வரிசை ஓரத்தில் நான். தவிசாளர் என்னைப் பார்த்தார். பின்னாலிருந்து யாரோ, "புள்ள, ஹாஜியாருக்கு இடம் குடுங்க," என்றார்கள்.

அவர் வெயிலில் நின்றார்.

நான் எழும்பவில்லை.