பிழை இல்லை என்ற கட்டம்

அன்புள்ள உங்களுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். அத்தைக்கு முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது. ஆனால் படியேற இன்னும் என் தோள் வேண்டும். பாப்பாவுக்கு முன்பற்கள் விழுந்துவிட்டன. வீடியோவில் உங்களைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொள்கிறாளே, அதனால்தான். கோபம் என்று நினைத்துவிடாதீர்கள்.

அங்கே வருவதற்கு எழுதிய ஆங்கிலத் தேர்வின் முடிவு வந்துவிட்டது. மறுபடியும் ஃபெயில். போனிலேயே சொல்லியிருப்பேன். நீங்கள் கிடங்கிலிருந்து வந்த களைப்பில் ஒரு ‘ம்’ போடுவீர்கள். அது என்ன ‘ம்’ என்று நான் நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டிருப்பேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆங்கிலம் பேசுவதில் தேறிவிட்டேன். கேட்பது, படிப்பது எல்லாமே சரி. எழுத்துத் தாளில் பிழை கண்டுபிடிக்கும் பகுதிதான் இந்தத் தடவையும் கவிழ்த்தது. ஒரு வாக்கியம் கொடுத்து நான்கு இடத்தில் அடிக்கோடு போட்டிருப்பார்கள். எந்தக் கோட்டின் மேல் பிழை இருக்கிறதோ அந்தக் கட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். ஐந்தாவதாக ‘பிழை இல்லை’ என்றும் ஒரு கட்டம் உண்டு.

பயிற்சி மையத்தில் எங்கள் டீச்சர் எதைப் பார்த்தாலும் அடிக்கோடு போடுவார், அதனால் கோட்டு மிஸ் என்று பெயர் வைத்திருக்கிறோம். முடிவு வந்த பிறகு என் பழைய தாள்களையெல்லாம் மேசையில் பரப்பிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, ஒரு தாள்லகூட கடைசிக் கட்டத்தைத் தொடவே இல்லையே. தொட்டா வாடகை கேக்கறாங்களா?” என்றார். என்னோடு படிக்கிற நர்ஸ் அக்கா, “அவ மாமியாரோட இருக்கா மிஸ், தப்பு இல்லாத வார்த்தையை எங்க கேட்டிருக்கப் போறா” என்றாள். வகுப்பே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். அத்தையிடம் சொல்லிவிடாதீர்கள்.

பஸ்ஸில் வரும்போது சிரிப்பு அடங்கிவிட்டது. நான் ஏன் அந்தக் கட்டத்தைத் தொடுவதில்லை என்று புரிந்துவிட்டது. கம்பெனியில் செக்கிங் மேசையில் உட்கார்ந்த நாளிலிருந்து எனக்குச் சொல்லிக் கொடுத்த ஒரே பாடம், குறை இல்லாமல் எதுவும் இருக்க முடியாது என்பதுதான். ஒரு கட்டுச் சட்டையைப் பார்த்துவிட்டு ஒன்றிலும் குறையைக் காட்டும் அம்பு ஸ்டிக்கர் ஒட்டாமல் அனுப்பினால் சூப்பர்வைசர் வந்து நிற்பார். விசில் என்று சொல்வேனே, அவர்தான். “கண்ணைத் தொறந்துக்கிட்டே தூங்கறியா?” என்பார். அதனால் மேசையில் இருக்கிற எல்லோரும் எதையாவது தேடி ஒட்டுவோம். காலர் நுனி கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, பட்டன் நூல் நீளம் என்று ஏதாவது ஒன்று. அந்த ஸ்டிக்கருக்குத் தைத்தவளின் கூலியில் பிடிப்பார்கள். எனக்கும் மெஷினில் இருப்பவளுக்கும் சண்டை மூளும். மேலே இருக்கிறவனுக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை. இப்படிப் பழகிய கண் பரீட்சை ஹாலில் போய் சரியான வாக்கியத்தைப் பார்த்தால் சும்மா இருக்குமா?

மறுநாள் ஒரு கட்டு வந்தது. நிஜமாகவே நல்ல தையல். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஸ்டிக்கர் ஒட்டாமல் தள்ளிவிட்டேன். வீரம் ஒன்றும் இல்லை, அலுத்துப்போயிருந்தேன். விசில் வந்தார். நான் எதிர்பார்த்த மாதிரி கத்தவில்லை. “ஒரு குறையும் இல்லைன்னு நான் மேல அனுப்பினா, அப்புறம் அந்த மேசை எதுக்குன்னு கேப்பாங்க. உனக்கும் சேர்த்துத்தாம்மா சொல்றேன், ஒண்ணாவது ஒட்டு” என்றார். மாட்டேன் என்றேன். இப்போது நூல் வெட்டும் பக்கம் போட்டிருக்கிறார்கள். நாள் முழுக்க நின்றபடி வேலை. கூலியும் குறைவு. அத்தை, “வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா நீ” என்று திட்டிவிட்டு, காலுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தார்.

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. உங்களைக் கூட்டிப்போகும்போது ஒருவரும் ஆங்கிலம் கேட்கவில்லை. பெட்டி தூக்கக் கை இருக்கிறதா என்று பார்த்தார்கள், அனுப்பிவிட்டார்கள். கை மட்டும் தனியாக வந்தால் பரீட்சை இல்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பெண்டாட்டியும் பிள்ளையும் வருகிறோம் என்றால்தான் இலக்கணம் கேட்கிறார்கள். கட்டின புருஷனோடு ஒரே வீட்டில் சோறு ஆக்க நான் யாரோ எழுதிய வாக்கியத்தில் ஒழுங்காகத் தப்புக் கண்டுபிடிக்க வேண்டுமாம். கேட்டால் சட்டம் என்கிறார்கள்.

கோட்டு மிஸ், மூன்றாவது தடவை நிச்சயம் தேறிவிடுவேன் என்கிறார். “தேடிப் பார், கிடைக்கலைன்னா கடைசிக் கட்டத்தைப் போட்டுட்டு நகர்ந்துடு, உக்காந்து சந்தேகப்படாதே” என்றார். தாளில் அப்படிச் செய்துவிடுவேன். உங்கள் விஷயத்தில்தான் முடியவில்லை. வேறு அறைக்கு மாறியதை நீங்கள் சொல்லவில்லை, பின்னால் தெரிந்த சுவரைப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன். முன்பெல்லாம் ஃபெயில் என்றால் என்னைவிட நீங்கள்தான் பதறுவீர்கள். இப்போது “அவசரமில்ல, நிதானமா எழுது” என்கிறீர்கள். எனக்காகச் சொல்கிறீர்களா, உங்களுக்காகவா? இதையே கிளறிக் கிளறி நான் ஓய்ந்துவிட்டேன்.

அடுத்த தேர்வுக்கு மாதக் கடைசிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். எழுதுவதற்கு எனக்கு அலுப்பில்லை. நின்று நின்று கால் மரத்தாலும் வகுப்புக்குப் போவேன். ஆனால் நீங்கள் போனதிலிருந்து ‘பாஸ் பண்ணு’ என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். ‘வா’ என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. யோசித்துப் பாருங்கள், சொன்னதே இல்லை.

சொல்ல மனமிருந்தால் சொல்லுங்கள், மறுநாளே பெயர் கொடுத்துவிடுகிறேன். இல்லையென்றால் அதையும் உடைத்துச் சொல்லிவிடுங்கள். நான் கத்த மாட்டேன், அத்தையிடமும் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். பாப்பாவை அடுத்த வருடம் எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

குளிர் கிடங்கில் கையுறையைக் கழற்றாதீர்கள். போன வாரம் உங்கள் விரல் நுனியெல்லாம் வெடித்திருந்ததைப் பார்த்தேன், கேட்கவில்லை. நீங்கள் எதைச் சொன்னாலும் உங்கள் உடம்பு நன்றாக இருக்க வேண்டும்.

உங்கள் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லை எதிர்பார்த்து,
பாப்பாவின் அம்மா