சாக்கில் அச்சான ஏழைகள்

அன்பு மகளே,

"இந்தக் கம்பெனி எங்களுக்கு யாரு, பாப்பா?" என்று, நம் இஃபுகாவோ மலை உழவர்களிடம் நெல் வாங்க நீ கூட்டிய போன கூட்டத்தில் இந்தன்னாய் அத்தை கேட்டபோது, நீ மணிலாவிலிருந்து வந்த ஆலோசகர்களைத் திரும்பிப் பார்த்தாய். அவர்கள் எழுதித் தந்த பதில் இப்போது உன் அரிசிச் சாக்குகளில் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கிறது: 'ஏழை இஃபுகாவோ உழவரை வாழ வைக்கிறோம்.'

அபாரம்! ஓர் உதாரணம் சொல்கிறேன். நீ கல்லூரியில் படித்தபோது அத்தை வந்து நம் வயலில் நட்டாள். பதிலுக்கு நான் போய் அவள் வயலில் நட்டேன். இதில் யார் யாரை வாழ வைத்தது? என் வகுப்பில் இப்படி விடை எழுதியிருந்தால் சுழிதான் போட்டிருப்பேன்.

சாக்கில் போடப் படம் எடுக்க அத்தையின் பொன் தோட்டைக் கழற்றச் சொன்னானாம் உன் ஆலோசகர்களில் ஒரு மேதாவி. "வறுமை எங்கிட்ட இல்ல வாத்தியாரே, அவனே பையில கொண்டு வந்திருந்தான்!" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே, இந்த அறுவடையில் ஒருவரும் உனக்கு நெல் தரப்போவதில்லை என்றும் சொன்னாள்.

என் நெல்லைப் பற்றிக் கேட்காதே.

நாளை களத்துக்குப் போ. அந்த வாசகத்தை நம் மொழியில், நம் ஊர் உழவர்கள் முகத்தைப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லிப் பார்.

அப்பா