கேரவனின் இரண்டு சக்கரங்கள்

கோபத்தில் இருப்பவளுக்கு,

உன் அக்கா வீட்டுக்காரர் குவைத் காசில் வாங்கி, காருக்குப் பின்னால் இழுத்துவந்த கேரவனில் ஏறி நேற்று நீ சிரித்தாய். என்னோடு பஸ்ஸில் வரும்போது அப்படிச் சிரித்ததில்லை.

"டயரு புதுசாட்டம் இருக்குல்ல, சகல?" என்றார். தரையில் படுகிற பட்டன் தேயவில்லைதான். ஆனால் பத்து வருடப் பழைய டயர். வெயிலில் நின்றே பக்கமெல்லாம் வெடிப்பு விட்டிருந்தது. உள்ளே ஏசி போட்டவருக்கு டயர் மாற்ற மனமில்லை. பஞ்சர் ஒட்டுகிறவன் சொன்னால் வயிற்றெரிச்சல் என்பீர்கள். வயிற்றெரிச்சல்தான். நீங்கள் வேளாங்கண்ணி போகும் வழியில் வெடித்து அவர் மானம் போகட்டும் என்றுதான் பேசாமல் இருந்தேன்.

உள்ளே நீ இருப்பாய் என்பது, உன்னை அக்கா வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் பெரம்பலூர் வந்து சேர்ந்த பிறகுதான் உறைத்தது.

நீங்கள் காலைப் பூசைக்குப் போன நேரத்தில் திரும்பி வந்து இரண்டு சக்கரத்தையும் கழற்றிவிட்டேன். வண்டி செங்கல்மேல் நிற்கிறது. ஏறாதே. மதியத்துக்குள் புது டயர் மாட்டித் தருகிறேன்.

பிறகு வழியெல்லாம் நீ சிரித்துக்கொண்டே போகலாம். எனக்கு எரியத்தான் செய்யும்.

உன் பஞ்சர்கடைக்காரன்