பெட்டிக்குள் வைத்த விளக்கு

மதினி,

பங்குனி பிறந்து நாளாகிவிட்டது. ஆனாலும் இன்று காலையில் தலைக்குத் தேய்க்கக் கிண்ணத்தை எடுத்தால், தேங்காய் எண்ணெய் கட்டியாய் வெள்ளை பூத்துக் கிடந்தது. மார்கழியில் உறையும், தையிலும் உறையும். பங்குனியில் உறைந்து நான் பார்த்தது இதற்கு முன் ஒரே ஒரு வருஷம்தான். விரலால் தோண்டி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அது உருகுகிற வரைக்கும் அடுப்படியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பால்காரி கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை. மனசுக்குள் உங்களோடு பேசிக்கொண்டிருந்தேன்.

நம் ஸ்ரீவைகுண்டத்தில் அப்போது இரண்டு வீடுகளில் அந்தப் பெட்டி இருந்தது. ஆற்றோரத்து ஊர்களின் குளிரையும் வெயிலையும் தினமும் குறித்து அனுப்பச் சம்மதித்தவர்களுக்கெல்லாம் பாளையங்கோட்டைக் கல்லூரி வாத்தியார் ஒருவர் கொடுத்தது. காற்றுப் போக இடைவெளி விட்டுச் சட்டம் அடித்த மரப்பெட்டி, உள்ளே பாரன்ஹீட் உஷ்ணமானி. நம் ஊரில் மார்கழி விடியலில்கூட அது எழுபதுக்குக் கீழே இறங்குவது அபூர்வம். இரவு எந்த அளவுக்குக் குளிர்ந்ததோ அந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஒரு சின்ன ஊசி நின்றுகொள்ளும். விடிந்ததும் அதைப் பார்த்துக் குறிக்க வேண்டும். சம்பளம் கிடையாது.

ஆற்றோரத்தில் இருந்த எங்கள் பெட்டி என் வீட்டுக்காரர் பேரில் வந்தது. அவர்கள் மாதத்தில் பாதி நாள் வேலையாக வெளியூர் போய்விடுவார்கள். அதனால் கைலாசநாதர் கோயில் மணி கேட்டதும் நான் போய்ப் பார்ப்பேன். பால் கணக்கும் வண்ணான் கணக்கும் எழுதி எழுதி நானாகப் படித்துக்கொண்ட எண்கள் அதற்குப் போதுமாயிருந்தன. குளத்தங்கரைத் தெருவில் இருந்த உங்கள் பெட்டி அண்ணாச்சி பேரில் வந்தது. அண்ணாச்சி காலமான பிறகு வாத்தியார் அதை எடுத்துப் போகவில்லை, பேரையும் மாற்றவில்லை. எல்லா ஊர்க் கணக்கையும் அச்சடித்து மாதாமாதம் ஒரு தாள் அனுப்புவார். அதில் அண்ணாச்சியின் பேர் இருக்கும். நீங்கள் அந்தப் பேரின் மேல் விரலை வைத்துக்கொண்டு சொல்வீர்கள்: "பிள்ளையா குட்டியா, அவுக பேரச் சொல்ல? ஊரு மறந்துட்டு. பாளையங்கோட்டையில மட்டும் மாசம் ஒருக்கா கூப்பிடுதாவ."

வாத்தியாருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. ஓர் ஊரில் இரண்டு பேர் பார்த்தால் ஒருவர் எண்ணை மற்றவர் கேட்கக் கூடாது. கேட்டுவிட்டால் கண்ணும் அந்தப் பக்கமே சாய்ந்துவிடும் என்பார். நாம் அதை விரதம் போலக் காத்தோம். தினமும் ஒரே படித்துறையில்தான் குளிப்போம். ஊரில் உள்ள கதையெல்லாம் பேசுவோம், அதை மட்டும் பேச மாட்டோம்.

"என்ன மதினி, இன்னைக்கு முகத்தப் பாத்தா ரொம்பக் குறைஞ்சிருக்கும் போல இருக்கே?"

"வாயக் கிண்டாதளா. பைய முங்கு."

"நான் என்ன கேட்டுட்டேன்? முகத்தத்தான சொன்னேன்."

"ஆமா, என் முகத்துலதான் ஊசி நிக்குதாக்கும். போளா!"

அந்த வருஷம் சிவராத்திரி கழிந்தும் குளிர் போகவில்லை. வாடைக்காற்று நிற்காமல் அடித்தது. வாழைக்குருத்து விரியாமல் சுருண்டே நின்றது. வயலுக்குப் போகிற பெண்கள் கோணிச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனார்கள். என் பெட்டியில் ஊசி நாளுக்கு நாள் கீழே இறங்கியது. நான் பார்க்கிறதுதான் தப்போ என்று கண்ணைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி பார்ப்பேன். வீட்டில் சொல்ல ஆள் இல்லை. படித்துறையில் நீங்கள் பக்கத்திலேயே இருந்தும் சொல்லக் கூடாது. அந்த எண்ணோடு நான் தனியாகத்தான் இருந்தேன்.

பங்குனி பிறந்ததும் இரண்டு வீட்டுக்கும் கார்டு வந்தது. மாசியிலிருந்து ஸ்ரீவைகுண்டத்து இரண்டு பெட்டிகளும் ஒத்துவரவில்லை, ஆற்றோரத்துப் பெட்டி காட்டுகிற குளிர் நம்பும்படியாக இல்லை, நேரில் வந்து பார்த்துத் தப்பான பெட்டியை எடுத்துப் போவதாக வாத்தியார் எழுதியிருந்தார். படித்துறையில் நீங்கள் துணியை அலசாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தீர்கள்.

"ரெண்டுல ஒண்ணு போயிருமாம்ளா. ஒன் வீட்டுல இருந்து போனா பெட்டிதான் போகும்."

பாதியில் நிறுத்திவிட்டுத் துணியை அலச ஆரம்பித்தீர்கள்.

உங்களுக்கு நெஞ்சுச்சளி கட்டியிருந்தது. மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சுக்குக் கஷாயம் காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்தேன். புறவாசலில் உங்கள் பெட்டியின் சட்டங்களுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தது.

"மதினி, இது என்ன, உள்ள எரியுது?"

"அவுக திதியில இருந்து வைக்கேன். ராத்திரி பூரா எரியணும்னு வேண்டுதல். வெளிய வச்சா இந்தக் காத்து நிக்க விடமாட்டேங்கு. அதான் பெட்டிக்குள்ள, அடிப்பலகையில வச்சேன். அவுக பேருல உள்ள பெட்டில்லா?"

என் கண் பெட்டி மேலேயே இருந்தது. நீங்களே கையை நீட்டிப் பெட்டியின் மேல்பலகையைத் தொட்டீர்கள். தொட்ட கையை எடுக்காமல் வெகு நேரம் நின்றீர்கள்.

"வெதுவெதுன்னுல்லா இருக்கு," என்றீர்கள்.

"இப்பமே வெளிய எடுத்து வச்சிருவோம் மதினி. வாத்தியாருக்குச் சந்தேகம் என் பெட்டி மேலதான. கொண்டு போனாப் போகட்டும். உங்க வீட்டுல இருக்கட்டும்."

"பொய்க் கணக்குல அவுக பேரு நிக்க வேண்டாம்ளா."

வாத்தியார் வந்த அன்று நானும் உங்கள் வீட்டில் இருந்தேன். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு நீங்களே எல்லாவற்றையும் சொன்னீர்கள். அவர் குனிந்து பெட்டிக்குள் தலையை விட்டார். அடிப்பலகையில் படிந்திருந்த பிசுக்கை விரலால் தடவி முகர்ந்தார். கோபப்படவில்லை.

"அம்மா, நடந்தது நடந்துவிட்டது. விளக்கு வைத்த நாட்களின் கணக்கை மட்டும் அடித்துவிடுகிறேன். இனிமேல் வேறு இடத்தில் வையுங்கள். பெட்டி இங்கேயே இருக்கட்டும்."

எனக்குப் போன உயிர் வந்தது. நீங்கள் கதவுக்குப் பின்னால் இருந்தே சொன்னீர்கள்.

"அது அவுக விடிஞ்சதும் வந்து நிக்கிற இடம்யா. அங்கன விளக்கு இல்லாம என்னால இருக்க முடியாது. பெட்டிய நீங்க எடுத்துக்கிடுங்க."

பெட்டி வண்டியில் போயிற்று. அன்று சாயங்காலம் பெட்டி இருந்த வெறும் கல்லின் மேல் விளக்கை வைத்தீர்கள். காற்று அணைத்தது. நீங்கள் ஏற்றினீர்கள். மறுபடி அணைத்தது. நான் முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டு நின்றேன். அந்த மாதத் தாளில் நம் ஊருக்கு நேரே ஒரு பேர்தான் இருந்தது. அதை நான் உங்களுக்குக் காட்டவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

ஆனால் பெட்டி போன மறுநாள் படித்துறையில் நீங்கள் கேட்டது வேறு.

"இனி கேக்கலாம்லா? எத்தன?"

"அறுபது, மதினி."

"யம்மா! அம்புட்டுக் குளிரா?" தண்ணீரில் நின்றபடி தோளைக் கட்டிக்கொண்டீர்கள். "நானும் அந்தக் குளிருக்குள்ளதான் இருந்திருக்கேன், பாத்தியா. தெரியாமப் போச்சே."

அதற்குப் பிறகு கேட்காத நாள் இல்லை. வெயில் ஏறிய பிறகும் கேட்டீர்கள். உங்கள் பெட்டி போய் என் எண் நம் இரண்டு பேருக்கும் பொதுவாயிற்று. அடுத்த ஐப்பசி அடைமழையில் நெஞ்சுச்சளி முற்றி நீங்கள் படுத்த பிறகு, வீட்டுக்கு வந்து காதருகில் சொல்லிவிட்டுப் போவேன். கடைசியில் இரண்டு நாள் கண் திறக்கவில்லை. அப்போதும் சொன்னேன்.

இப்போது உங்கள் வீட்டில் வேறு குடும்பம் இருக்கிறது. நான் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பார்த்த எண்ணை உடனே எழுதுவதில்லை. மனசில் வைத்துக்கொண்டு படித்துறைக்குப் போய், குளித்துத் திரும்பிய பிறகே எழுதுகிறேன். ஏன் என்று வீட்டுக்காரர் ஒருமுறை கேட்டார்கள். பழக்கம் என்றேன்.

இன்று படித்துறையில் எனக்கு முகம் தெரியாத ஒரு பெண், "என்ன குளிரு இது, சனியன்!" என்றாள். சொல்ல வாயெடுத்தேன். அவள் சேலையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு படியேறிவிட்டாள். வேறு யாரும் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று ஆற்றைப் பார்த்துச் சொன்னேன். இங்கேயும் எழுதுகிறேன்.

அறுபத்தொன்று, மதினி.